டேப்லெட்டில் டைப்ஸ்ட்: நெட்டோடும் நெட் இல்லாமலும்

கேள்வித்தாள், நோட்ஸ், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எதையும் டேப்லெட்டிலேயே அச்சுத் தரத்தில் எடுக்கலாம். அதற்கு, குறிகளோடு எழுதியதைத் தாளாக அமைத்துத் தரும் பழைய மென்பொருளான லேடெக்கை முழுதாக நிறுவினால் பல ஜிபி காலி. அதே வேலையைச் செய்யும், 2023-இல் திறந்த மூலமாக வெளிவந்த டைப்ஸ்டுக்கு இடமும் கொஞ்சம், கற்பதும் சுலபம்.

முதலில் எழுத்துரு. டைப்ஸ்ட் நிரலோடு வருபவற்றில் தமிழ் இல்லை. கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ செரிஃப் தமிழை இறக்கி, ஜிப்பைப் பிரியுங்கள். மேலே தெரியும் வேரியபிள் கோப்பு (எல்லாத் தடிமனும் ஒரே கோப்பில்) வேண்டாம், டைப்ஸ்ட் அதில் தடுமாறும். ஸ்டாட்டிக் ஃபோல்டருக்குள் இருக்கும் ரெகுலர், போல்ட் இரண்டையும் எடுங்கள். போல்ட் கோப்பு இல்லாவிட்டால் தடிக்க வைக்கும் நட்சத்திரக் குறியை எத்தனை போட்டாலும் எழுத்து தடிக்காது.

ஆன்லைன் வழி: பிரவுசரில் டைப்ஸ்ட் தளத்தில் கணக்குத் தொடங்கி, புது ப்ராஜெக்டில் அந்த இரு கோப்புகளையும் ஏற்றுங்கள். பிறகு இப்படி அடியுங்கள்:

= அறிமுகம்
இது *முக்கியமான* வரி. பாதி என்றால் $1/2$.
+ முதல் கேள்வி
+ இரண்டாம் கேள்வி

அடிக்க அடிக்கப் பக்கத்திலேயே தாள் உருவாகும். சமக்குறிக்குப் பின் ஒரு இடைவெளி கட்டாயம். அது இல்லாவிட்டால் தலைப்பு ஆகாமல் குறி அப்படியே அச்சாகும். டாலர் குறிகளுக்குள் இருப்பது பின்னமாக, மேலும் கீழுமாக நிற்கும். இந்தக் குறிகளுக்காக டச் கீபோர்டில் பக்கம் மாற்றி மாற்றி அலுத்துவிடும். ஒரு ப்ளூடூத் கீபோர்டு இருந்தால் நல்லது.

ஆஃப்லைன் வழி ஆண்ட்ராய்டுக்கு மட்டும். திறந்த மூலச் செயலிகள் கிடைக்கும் எஃப்-ட்ராய்டிலிருந்து, கட்டளைகளை அடித்து இயக்க உதவும் டெர்மக்ஸ் செயலியை நிறுவுங்கள். கீழே இருப்பவற்றை ஆங்கில எழுத்தில், ஒவ்வொன்றாக அடித்து என்டர் தட்டுங்கள்:

பிகேஜி இன்ஸ்டால் டைப்ஸ்ட்
டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ்
சிடி ஸ்டோரேஜ்/டவுன்லோட்ஸ்

இரண்டாவதற்கு அனுமதி கேட்கும், கொடுங்கள். எழுத்துருக்களையும், மெயின்.டிஒய்பி என்ற பெயரில் (இதுவும் ஆங்கில எழுத்தில்) உங்கள் கோப்பையும் டவுன்லோட்ஸில் வைத்துவிட்டு:

டைப்ஸ்ட் கம்பைல் --ஃபாண்ட்-பாத் . மெயின்.டிஒய்பி

நடுவில் தனியாக நிற்கும் புள்ளியை விட்டுவிடாதீர்கள். 'எழுத்துருவை இந்த ஃபோல்டரிலேயே தேடு' என்று சொல்வது அதுதான். பிடிஎஃப் அதே இடத்தில் விழும். கம்பைலுக்குப் பதில் வாட்ச் என்று அடித்தால், கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் பிடிஎஃப் தானே புதுப்பிக்கும்.

ஐபேடில் டெர்மக்ஸ் கிடையாது. அங்கே பிரவுசரோடு நில்லுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஆன்லைனில் கை பழகட்டும். நெட் நம்ப முடியாத ஊருக்குப் போவதாக இருந்தால், டெர்மக்ஸை வீட்டு வைஃபையிலேயே நிறுவி ஒரு தாள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.