டேங்க் மூடியின் சின்ன ஓட்டை

பாறையேறும் ட்ரையல்ஸ் வண்டியை விற்றுவிட்டுப் பழைய புல்லட் 350 ஒன்றைப் புதுப்பித்தேன். பேட்டையில் கிளம்பினால் பத்தமடைக்குள் இருமி நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால் ஓடும்.

ட்ரையல்ஸ் வண்டியில் பாயிண்ட் (ஸ்பார்க் வருவதற்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) கிடையாது, அதனால் சந்தேகம் முதலில் அங்கே போனது. இடைவெளியை 0.38 மி.மீ. வைத்தேன். கண்டென்சர் மாற்றினேன். கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றினேன். நான்கு நாள் போச்சு.

நின்றபோதெல்லாம் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உதைத்திருக்கிறேன்! சரி என்று அடுத்த முறை திறக்காமல் உதைத்தேன், ஓடவில்லை. திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடிக்கு பஃபிங் போட்டபோது பாலிஷ் மெழுகு காற்று ஓட்டைக்குள் இறுகியிருக்கிறது. காற்று போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊக்கால் குத்தி எடுத்தேன். அம்பாசமுத்திரம் வரை நிற்கவில்லை, அப்பாடா.