முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் வலியா? நரம்பு தூண்டல் கருவி வைக்குமுன் கவனிக்க வேண்டியவை

டிஸ்க் ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் ஆன பிறகும் காலில் எரிச்சல், சுள்ளென்ற இழுப்பு நிற்காதவர்களுக்கு முதுகுத்தண்டு நரம்பு தூண்டல் கருவி ஒரு வழி. 1967-இல் அமெரிக்காவில் நரம்பு அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி இதை முதன்முதலில் பொருத்தினார். இது நரம்பைக் குணமாக்காது; மெல்லிய மின்துடிப்பால் வலிச் செய்தி மூளைக்குப் போவதைத் தணிக்கும், அவ்வளவுதான்.

இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு இது நன்றாகக் கேட்கும். குனிந்து நிமிரும்போது மட்டும் இடுப்பில் பிடிக்கும் வலிக்கு அவ்வளவு கேட்காது. புதிதாக எம்.ஆர்.ஐ. எடுத்து, டிஸ்க் மறுபடி பிதுங்கவில்லை, போட்ட ஸ்க்ரூ தளரவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகே இந்தப் பேச்சை எடுங்கள். சர்க்கரை இருந்தால் முதலில் கட்டுக்குள் வர வேண்டும்; இல்லாவிட்டால் புண்ணில் சீழ் பிடிக்கலாம். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முடிவைத் தீர்மானிப்பது, கருவியைத் தற்காலிகமாக வைத்துப் பார்க்கும் சோதனை வாரம். ஊசி வழியாக, மின்துடிப்பைக் கொண்டுபோகும் மெல்லிய லீடு கம்பியை முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே, பெரும்பாலும் நெஞ்சுப்பகுதியின் 8, 9-ஆம் முள்ளெலும்பு மட்டத்தில் நிறுத்துவார்கள். பேட்டரி வெளியே, பெல்ட்டில் இருக்கும். வழக்கமாக 5 முதல் 7 நாள். லீடைத் தோலில் பிடித்திருப்பது ஒரு தையலும் பிளாஸ்திரியும்தான், அதனால் சுலபமாக நகர்ந்துவிடும். வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் அந்த வாரம் பஸ்ஸில் ஊர் திரும்பாமல் மருத்துவமனை அருகிலேயே தங்குவது நல்லது. குளிக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

ஒரு நோட்டில் காலை, மதியம், இரவு எழுதுங்கள்: இடுப்பு வலி 10-க்கு எத்தனை, கால் வலி எத்தனை, எவ்வளவு நேரம் நிற்க முடிந்தது, எத்தனை மணி நேரம் தூக்கம். வாரம் முழுக்கப் படுத்தே கிடந்தால் வலி தானாகக் குறையும், சோதனை ஏமாற்றிவிடும். தெருக்கோடி வரை நடங்கள், அடுப்படியில் நின்று பாருங்கள். குனிவது, இடுப்பை முறுக்குவது, கையைத் தலைக்கு மேல் தூக்குவது, குடம் தூக்குவது மட்டும் வேண்டாம். மாத்திரை அளவை நீங்களாக மாற்றினால் எதனால் குறைந்தது என்றே தெரியாமல் போகும். வலி பாதியாவது குறைந்து, நடையும் தூக்கமும் கூடியிருந்தால் மட்டுமே நிரந்தரக் கருவிக்குச் சரி என்று சொல்லுங்கள். வீட்டாருக்காகத் தலையாட்ட வேண்டாம்.

நிரந்தரக் கருவியின் பேட்டரி பின்னிடுப்பிலோ விலாவுக்குக் கீழோ தோலுக்கடியில் போகும். ஆபரேஷனுக்கு முன் நீங்கள் வழக்கமாக உடுத்தும் வேட்டி, பாவாடையோடு நின்று, நாடாவும் அரைஞாணும் அழுத்தும் கோட்டுக்கு விலகி இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பாயில் படுப்பவர், தரையில் சம்மணமிட்டு உட்காருபவர் என்றால் அதையும் சொல்லுங்கள். பின்னால் மாற்ற வேண்டுமென்றால் மறுபடி கத்திதான்.

பிறகு 6 முதல் 8 வாரம் குனியும் வேலை கிடையாது. லீடைச் சுற்றித் தழும்பு பிடித்தால்தான் அது நிலைக்கும். நடவும் களையெடுப்பும் குனிந்தே செய்யும் வேலை. சம்பா அறுப்பு முடிந்து மாசி வாக்கில் தேதி வாங்கினால், குறுவைக்கு மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குள் அந்தக் காலம் கழிந்துவிடும். புண் ஆறும்வரை குளத்திலும் வாய்க்காலிலும் இறங்காதீர்கள்.

கருவி தரும் மரமரப்பு திடீரென விலாவுக்கு ஏறினாலோ நின்றுபோனாலோ லீடு நகர்ந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்து, முதலில் கருவியின் புரோகிராமை (மின்துடிப்பு அமைப்பை) மாற்றிப் பார்ப்பார்கள். காய்ச்சல், புண்ணில் நீர்க்கசிவு, கால் வலுவிழப்பு, சிறுநீர் மலம் அடங்காமை: இவற்றுக்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

பிசியோதெரபி நிலையத்தில் டயதர்மி வெப்பச் சிகிச்சை ஒருபோதும் கூடாது. லீடு சூடேறி நரம்பையே கருக்கிவிடும். எம்.ஆர்.ஐ., வேறு ஆபரேஷன் எதுவானாலும் கருவியின் அடையாள அட்டையை முதலில் காட்டுங்கள்.

ரீசார்ஜ் வகை அதிக வருடம் உழைக்கும், ஆனால் மின்சாரம் வேண்டும். 2018 கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தவுடனே கருவியையும் சார்ஜரையும் முழுதாக ஏற்றிவிடுங்கள்; வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாதவர் ரீசார்ஜ் செய்யத் தேவையில்லாத வகையைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.