அடுத்தவர் வழிபடும் இடத்தில் பௌத்த தியானம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விபஸ்ஸனா என்ற பௌத்த தியானத்தின் பத்து நாள் முகாம் முடித்து வீடு திரும்பியவர்களுக்கு வரும் முதல் கவலை, இனி எங்கே உட்காருவது என்பதுதான். வீட்டில் டிவி, கீழே தண்ணீர் லாரி, எதிர் மனையில் கட்டட வேலை. சென்னையில் நிழலாக, காசு கேட்காமல், ஏன் வந்தாய் என்று கேட்காமல் உட்காரவிடும் இடம் என்று பார்த்தால் கோயில், சர்ச், பள்ளிவாசல்தான். உட்காரலாமா என்றால் தாராளமாக உட்காரலாம், நானும் பல வருடமாக உட்காருகிறேன். ஆனால் அதை ஒரு காலி ஹால் மாதிரி நினைத்துக்கொண்டு போவதுதான் பெரிய தவறு, மற்ற தவறெல்லாம் அதிலிருந்து வருபவை.

எனக்கு இது உறைத்தது ஒரு அரசமரத்தடியில். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சின்னக் கோயில். புத்தர் ஞானம் பெற்றதும் அரசமரத்தடியில்தானே என்ற உரிமையில் மேடைமேல் ஏறி, மரத்தில் சாய்ந்து, காலை மடித்துக் கண்ணை மூடிவிட்டேன். நாற்பது நிமிஷம் கழித்துத் திறந்தால் எதிரில் வயதான அம்மா ஒருவர், கையில் பித்தளைச் செம்பில் பால், வாழை இலைக் கிழிசலில் மஞ்சள். என் முழங்காலைத் தாண்டித்தான் அவர் நாகர் கல்லுக்குப் போக முடியும். “தம்பி தியானத்துல இருக்கியேன்னு நின்னேன்ப்பா” என்றார். எவ்வளவு நேரமாக என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் இறங்கியதும் பாலை ஊற்றி, மஞ்சளைத் தடவி, மரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். அந்த மரத்தில் கட்டியிருந்த சின்னச் சின்னத் தொட்டில்களை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். யாரோ குழந்தை வேண்டிக் கட்டியவை.

கோயிலில் நமக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. சாமி கும்பிட்ட பிறகு பிரகாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவது எல்லோரும் செய்வதுதானே, அவர்கள் உட்காரும் இடத்தில், அவர்கள் மாதிரி, சுவர் ஓரமாக உட்காருங்கள். சந்நிதிக்கு நேராக வேண்டாம், நந்திக்கும் சிவனுக்கும் நடுவில் கண்டிப்பாக வேண்டாம், கால் மரத்துப்போனால் சந்நிதிப் பக்கம் நீட்டாமல் வேறு பக்கம் திரும்பி நீட்டுங்கள். பிரதோஷத்தன்று கபாலீசுவரர் கோயிலில் தியானம் செய்யப் போவது இடித்துக்கொள்ளப் போவதுதான். அடி அடியாக மெதுவாக நடக்கும் நடைத் தியானம் பழகுகிறவர்கள் பிரகாரம் நீளமாக இருக்கிறதே என்று ஆசைப்படுவார்கள், பின்னால் வலம் வரும் பாட்டிகள் முட்டி நிற்பார்கள், அதைக் கடற்கரையில் வைத்துக்கொள்ளலாம். கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் மட்டும் என்று பலகை இருந்தால், வெளியூர்ப் பௌத்த நண்பரைக் கூட்டிப் போகும்போது அங்கே வாதம் செய்யாதீர்கள். வெளிப் பிரகாரம் போதும்.

சாந்தோம் பேராலயத்தில் புனித தோமையாரின் கல்லறை இருக்கும் சிற்றாலயம் கீழே தனியாக இருக்கிறது. வெளியே டிராபிக் ஓடுவதே மறந்துபோகும் அளவு அமைதி, அதனால்தான் தியானக்காரர்களுக்கு அங்கே கண் போகிறது. ஆனால் அங்கே வருகிறவர்கள் அழுதுகொண்டு வருவார்கள், வேண்டுதலோடு வருவார்கள், கல்லறைக்கு முன்னால் இடம் அவர்களுக்கு. பின்வரிசையில் உட்காருங்கள். பெஞ்சுக்குக் கீழே இருக்கும் பலகை முழங்காலிட, கால் வைக்க அல்ல. திருப்பலி நடுவில் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் எழும்போது எழுந்து நில்லுங்கள். நற்கருணை வாங்கும் வரிசையில் மட்டும் போகாதீர்கள், மரியாதைக்காக என்றாலும் கூடாது, அவர்களுக்கு அது கிறிஸ்துவின் உடல்.

பள்ளிவாசலில் கேட்டுவிட்டு உட்காருவதுதான் முறை. திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல், 1795-இல் ஆற்காடு நவாப் குடும்பம் கட்டியது, அங்கே தொழுகைகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் இருக்கும் விஸ்தாரமான அமைதி மனதை இழுக்கும். பொறுப்பில் இருப்பவரிடம் “கொஞ்ச நேரம் அமைதியா உட்காரலாமா பாய்” என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் சரி என்று திரும்புங்கள். தொழுகிறவருக்கு முன்னால் உட்காருவதும் குறுக்கே போவதும் கூடாது. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ என்ற கூட்டுத் தொழுகை, அப்போது ஒவ்வொரு சாணும் அவர்களுக்குத் தேவை. பெண்களுக்கான இடம் பள்ளிக்குப் பள்ளி மாறும், அதையும் முன்பே விசாரியுங்கள்.

எங்கே போனாலும் மணி, திபெத்தியக் கிண்ணம், போனில் டைமர் ஒலி, சின்னப் புத்தர் சிலை எதையும் எடுத்துப் போகாதீர்கள். நாலு பேர் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தால் அது தியான வகுப்பு ஆகிவிடும், போட்டோ எடுத்தால் இன்னும் மோசம்.

அப்புறம், சத்தம். நாதஸ்வரமும் தவிலும் ஆரம்பித்ததும் முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பர்மியத் துறவி மகாசி சயாடோ கற்றுத்தந்த விபஸ்ஸனா முறையில் ‘கேட்கிறது, கேட்கிறது’ என்று மனதில் குறித்துக்கொண்டு விடச் சொல்வார்கள், அதற்கு தவிலைவிட நல்ல பயிற்சி கிடையாது. எரிச்சல் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம்.

வாய் விடும் தவறும் உண்டு. இந்தக் கோயிலே பழைய புத்த விகாரைதான் என்று குருக்கள் காதுபட ஆரம்பிப்பது. தமிழ்நாட்டின் பௌத்த வரலாறு எனக்கு உயிர். மணிமேகலை இருக்கிறது, நாகப்பட்டினம் விகாரை இருந்தது, இதே சென்னையில், ராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் இயங்கியது. ஆசை தீரப் பேசுவோம், எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புச் சிலைகளுக்கு முன்னால் நின்று பேசுவோம். அர்ச்சனைத் தட்டோடு நிற்பவரிடம் வேண்டாம். சுண்டல் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள், விபூதி பூச விருப்பமில்லை என்றால் கும்பிட்டால் போதும், விளக்கம் சொல்லத் தேவையில்லை.

ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும் என்றால் எழும்பூர் கென்னட் லேனில் மகாபோதி சங்கம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள். கோயிலில் இருபது நிமிஷம் போதும். மதியம் நடை சாத்தும் நேரத்தில் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து நின்றால், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று கேட்காமல் எழுந்துவிடுங்கள், அவரும் சாப்பிடப் போகவேண்டும்.