இரண்டே பேர் பனிமலைக்குப் போகிறீர்களா?

கனடாவின் ராக்கி மலைகளில் உள்ள வாப்டா பனிப்புலத்தைப் பலர் மலைக்குடில்களில் இரவு தங்கி, சில நாட்களில் ஸ்கீயில் கடக்கிறார்கள். நண்பர் ஒருவரோடு மட்டும் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். பனிச்சரிவில் ஒருவர் புதைந்தால், தோண்ட மிஞ்சுவது ஒரே ஒருவர். முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். பிறகு மூச்சுத்திணறலால் அது மளமளவென்று குறையும்.

ஆகவே பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சமிக்ஞை அனுப்பவும் தேடவும் உதவும் சிறு கருவி), பனிக்குள் துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருவரிடமும் இருக்கட்டும். எடையைக் குறைக்க அடுப்பைப் பகிரலாம், இவற்றைப் பகிரவே கூடாது. தினமும் காலையில் குடிலை விட்டுக் கிளம்பும் முன் ஒருவர் பீக்கனில் சமிக்ஞை அனுப்ப, மற்றவர் தன் பீக்கனால் அதைத் தேடிப் பாருங்கள். அப்புறம் மாற்றிச் செய்யுங்கள். மூன்றாம் நாள் அலுப்பில் இதைத்தான் விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். கைபேசி பீக்கனை ஒட்டி இருந்தால் சமிக்ஞை குழம்பும். தேடும்போது குறைந்தது 50 செ.மீ. தள்ளி வையுங்கள்.

30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் கிளம்புகின்றன. அங்கே ஒருவர் கடந்து பத்திரமான இடம் சேரும்வரை மற்றவர் கண்ணெடுக்காமல் பார்த்து நிற்க வேண்டும்.

இன்னொன்று: ஏறுவதற்கு ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டைகளைக் கழற்றியதும் ஜாக்கெட்டுக்குள் வையுங்கள். குளிரில் பசை விறைத்தால் அடுத்த ஏற்றத்தில் ஒட்டாது.