டர்பனுக்குக் குடிபெயர்வோருக்கு: ஓட்டுநர் உரிமம், கார், காப்பீடு

தமிழ்நாட்டிலிருந்து வேலை நிமித்தம் டர்பனுக்கு வருவோர், இங்கும் சாலையின் இடப்பக்கமே ஓட்டுவதால் கார் வாங்குவதை எளிதாக எண்ணிவிடுகிறார்கள். ஆவணங்களை வரிசை மாறாமல் சேர்த்தால் அலைச்சல் பெருமளவு குறையும்.

முதல் வேலை ஊரிலேயே முடிய வேண்டும். ஆங்கிலமும் புகைப்படமும் கையொப்பமும் உள்ள உரிமத்தைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் ஏற்கிறது என்றாலும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓராண்டு செல்லுபடியாகும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். அசல் உரிமம் உடனில்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. அதைவிட முக்கியம், பெயர். பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக முழுமையாகவும், உரிமத்தில் வெறும் இனிஷியலாகவும் இருப்பது நம்மவரிடையே சாதாரணம். இங்குள்ள அலுவலர்களுக்கு அது இரண்டு வெவ்வேறு ஆட்களின் பெயராகத் தெரியலாம் என்பதால், புறப்படும் முன்பே திருத்திவிடுங்கள்.

தற்காலிக விசாவில் இருக்கும்வரை, காலாவதியாகாத இந்திய உரிமத்திலேயே ஓட்டலாம். நிரந்தர வசிப்புரிமை கிடைத்தால் ஓராண்டுக்குள் உள்ளூர் உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும்; அந்த அட்டை ஐந்தாண்டுகளுக்குச் செல்லும்.

அடுத்து, கார் தேடும் முன்பே, போக்குவரத்துப் பதிவேட்டு எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். உள்ளூர் அடையாள எண் இல்லாத வெளிநாட்டவர் இந்த எண் இன்றி வண்டியைத் தம் பெயரில் பதிய முடியாது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உறவினர் வீட்டில் தங்குபவர், முகவரிச் சான்றுக்கு வீட்டுக்காரரின் மின் கட்டண ரசீதையும் அவருடைய பிரமாண வாக்குமூலத்தையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பழைய கார் வாங்கினால் பதிவுச் சான்றிதழையும் சாலைத் தகுதிச் சான்றிதழையும் கேட்டு வாங்கி, 21 நாட்களுக்குள் பெயர் மாற்றுங்கள். ஊரிலுள்ள காரைக் கப்பலில் ஏற்றலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள். பயன்படுத்திய வண்டிகளின் இறக்குமதிக்குத் தனி அனுமதி வேண்டும், அதுவும் எளிதில் கிடைப்பதில்லை.

காப்பீட்டில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இந்தியாவில் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு, இங்கே தனியார் கார்களுக்குக் கட்டாயமில்லை. எரிபொருள் விலையில் சேர்ந்துள்ள வரியால் இயங்கும் சாலை விபத்து நிதியம், காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே ஈடு தரும். நசுங்கிய பம்பருக்கு ஒரு ராண்டும் தராது. உங்கள் மீது மோதியவரிடம் காப்பீடே இல்லாமலும் போகலாம் என்பதால், முழுக் காப்பீடு எடுப்பதே என் பரிந்துரை. இரவில் கார் பூட்டிய கராஜில் நிற்கிறதா, தெருவிலா, இருப்பிடம் காட்டும் டிராக்கர் கருவி உண்டா, வழக்கமாக ஓட்டுபவர் யார் என்றெல்லாம் காப்பீட்டு நிறுவனத்தார் கேட்பார்கள். தினமும் மனைவி ஓட்டும் காருக்குக் கணவர் பெயரைச் சொன்னால், பிரீமியத்தில் மிச்சமாவது இழப்பீட்டில் பறிபோகக்கூடும். ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்கள் ஏற்க வேண்டிய எக்ஸஸ் தொகை எவ்வளவு என்பதையும், இந்திய உரிமம் உள்ளவருக்கு அது கூடுமா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

விபத்து நேர்ந்து எவரேனும் காயமுற்றால் 24 மணி நேரத்துக்குள்ளும், வண்டிக்கு மட்டும் சேதம் என்றால் அடுத்த வேலை நாளிலும் காவல் நிலையத்தில் தெரிவித்து, அங்கே தரும் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு காப்பீட்டு நிறுவனத்தை அழையுங்கள்.