கம்பளிப்பூச்சி சொணை பட்டுச்சா? மொதல்ல தேய்க்காதீங்க

ஐப்பசி மழை பெஞ்சு கொஞ்ச நாள் ஆச்சுன்னா எங்க தெருவுல முருங்கை மரம் வச்சிருக்க வீடெல்லாம் இதே கதைதான். அடிமரத்துல கம்பளிப்பூச்சி அடை அடையா ஒட்டிக்கிட்டு கிடக்கும், பகல்ல அப்படியே அசையாம கிடந்துட்டு ராத்திரி மேல ஏறி இலையைத் தின்னும். போன வருஷம் என் பொண்ணு பூச்சியைத் தொடவே இல்லங்க, மரத்தடி கொடியில காஞ்ச யூனிஃபார்மை எடுத்துப் போட்டுக்கிட்டா, கொஞ்ச நேரத்துல முதுகு பூரா செவந்து தடிச்சுப்போச்சு, ராத்திரி தூங்கவே இல்ல. பூச்சி மேல ஊரணும்னு அவசியமே இல்ல, உதிர்ந்த முடி காத்துல வந்து துணியில ஒட்டுனாலே போதும். செத்த பூச்சி, அது உரிச்சுப் போட்ட தோல், இதுல ஒட்டியிருக்குற முடிகூட அரிக்கும்.

பட்டவுடனே எல்லாரும் பண்ற தப்பு தேய்க்கிறது. வெத்தலையைக் கசக்கித் தேய், சாக்கை வச்சுத் தேய்னு பெரியவங்க சொல்லுவாங்க, பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா அந்த முடி ஊசி மாதிரி தோல்ல குத்தி நிக்குது, தேய்க்கத் தேய்க்க ஒடிஞ்சு உள்ள போகும், பக்கத்து இடத்துக்கும் பரவும். பூச்சி இன்னும் மேல இருந்தா அடிக்காதீங்க, குச்சியாலயோ பேப்பராலயோ மெதுவா எடுத்துப் போடுங்க. அப்புறம் செல்லோ டேப்பை அந்த இடத்துல ஒட்டி உரிங்க, ஒவ்வொரு தடவையும் புது டேப் துண்டு, நாலஞ்சு தடவை பண்ணுங்க. அதுக்கப்புறம்தான் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவணும், துண்டால அழுத்தித் துடைக்க வேணாம், ஒத்தி எடுங்க. போட்டிருந்த துணியை உதறாம கழட்டி தனியா சுடுதண்ணியில துவைங்க.

முடி போனப்புறம் ஐஸை துணியில சுத்தி பத்து நிமிஷம் வைங்க, காலமைன் லோஷன் தடவுங்க. அரிப்பு தாங்கலைன்னா பெரியவங்க செட்ரிசின்ங்கிற அலர்ஜி மாத்திரை போடலாம், தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க. குழந்தைங்களுக்கு மட்டும் அளவை டாக்டர்கிட்ட கேட்டுத்தான் குடுக்கணும்.

கண்ணுல பட்டா டேப், எண்ணெய், தாய்ப்பால் எதுவும் வேணாம். கசக்காம சுத்தமான தண்ணியை ஊத்திக் கழுவிட்டு அன்னைக்கே கண் டாக்டரைப் பாருங்க, முடி கண்ணுக்குள்ள நகர்ந்து போய் நாள் கழிச்சும் பிரச்சினை பண்ணும். மூச்சு வாங்குது, உதடு நாக்கு வீங்குது, மயக்கமா வருதுன்னா யோசிக்கவே வேணாம், 108க்கு போன் பண்ணுங்க.

இனி மரம். நிறைய பேர் பந்தம் கொளுத்தி மரத்தைச் சுடுறாங்க, தோட்டத்துல எப்படியோ, வீடு நெருக்கமா இருக்க தெருவுல தயவுசெஞ்சு வேணாம், கருகுன முடி காத்துல பறந்து பக்கத்து வீட்டுக்காரங்க மூஞ்சியிலதான் போய் விழும். ஹோஸ் பைப்பால வேகமா தண்ணி அடிக்கிறதும் அதே மாதிரிதான். முழுக்கை சட்டை, கிளவுஸ், மாஸ்க், கண்ணாடி போட்டுக்கிட்டு, காத்து நம்ம முதுகுப்பக்கம் இருந்து வர்ற மாதிரி நில்லுங்க, பகல்ல அடையா கிடக்கும்போதே பழைய விளக்குமாத்தால சோப்புத்தண்ணி பக்கெட்டுல தள்ளிவிடுங்க. செடிப் பூச்சிக்கு அடிக்கிற மீன் எண்ணெய் ரோசின் சோப்பு கிடைச்சா லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் கரைச்சு அடிமரத்துல தெளிக்கலாம். கடுமையான பூச்சி மருந்து வேணாம், நாம பறிச்சுத் திங்கிற கீரை அது.

இந்தப் புழு மண்ணுக்குள்ள போய்த்தான் கூட்டுப்புழுவா மாறும், அதனால கூட்டம் ஒழிஞ்சப்புறம் மரத்தடியை ஒரு தடவை கொத்திவிடுங்க, காக்கா மைனாவெல்லாம் பொறுக்கித் தின்னுரும். துணிக்கொடியை நாங்க மாடிக்கு மாத்திட்டோம், மரத்தை வெட்டல.