கேரவனுக்குள் புழுதி வராமல் இருக்க

ஊட்னடாட்டா டிராக் என்பது தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரீ முதல் மார்லா வரை 600 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மண் சாலை. வழியில் இருக்கும் வில்லியம் கிரீக் என்ற ஊர் வருவதற்குள், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீடு போன்ற எங்கள் கேரவனில் படுக்கை, தட்டு, அரிசி டப்பா மூடி எல்லாம் ஒரே செம்புழுதி.

ஓடும் வண்டிக்குள் காற்றழுத்தம் குறைந்தால், இண்டு இடுக்கெல்லாம் புழுதியை உள்ளே இழுக்கும். அதனால் கூரை ஜன்னலை முன்பக்கம் பார்த்தபடி கொஞ்சம் திறந்துவைத்தேன். கூரை உயரத்துக் காற்றில் புழுதி குறைவு. அந்தக் காற்று உள்ளே நிறைந்து புழுதியைத் தடுத்துவிட்டது. கதவின் அடியில் இருக்கும் காற்றுத் துளைகளுக்கு டேப் ஒட்டினேன். ஆனால் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். டேப்பை உரிக்காமல் அடுப்பைத் தொடவே தொடாதீர்கள்! அப்புறம், எதிரே பெரிய லாரி வந்தால் ஓரங்கட்டி, புழுதி அடங்கியபின் கிளம்புங்கள்.